பதினேழாவது முள்ளெலும்பு

பேரேட்டின் முதல் பக்கத்தில்
ஒரு மருந்துக்கடைக்காரரின் சாய்ந்த கையெழுத்து:
ஏகார்ட் ப்ரும்மர், துறைமுகத் தெரு, எண் ஒன்பது.
பால்டிக் குளிரில் ஊரே இருமிய காசில் சேர்த்தவை
பஞ்சடைத்த நாற்பத்திரண்டு பறவைகள்,
இரட்டைத் தலைக் கன்று ஒன்று,
அம்பர்க் கல்லுக்குள் கால் மடக்கிய கொசு.
'நகரத்துக்கு நன்கொடை' என்று எழுதியிருக்கிறார்.
நகரம் வாங்கிக்கொள்ளவில்லை.
பதினோரு வருடம் யோசித்தது.

பிறகு ஒரு மார்ச்சில்,
பனி உடைந்த கரையில்
திமிங்கிலம் ஒதுங்கியது.
நாற்றம் பொறுக்காமல் நகரசபை கூடியது.
கூடிய இடத்தில் அருங்காட்சியகம் பிறந்தது.
எந்த ஆண்டுவிழா மலரும் இதைச் சொல்வதில்லை.

எலும்புகளைக் குதிரைச்சாணத்தில் புதைத்து
இரண்டு கோடை காத்திருந்தார்கள்.
கூரையை உயர்த்தினார்கள்.
கம்பியில் தொங்கவிட்டார்கள்.
கீழே ஒரு வாத்தியம் வாசித்திருக்கிறது,
கட்டணச் சீட்டு இருக்கிறது, பாட்டின் பெயர் இல்லை.

வாசல் பலகை ஐந்து முறை மாறியது.
ஜெர்மன், ரஷ்யன், லாட்வியன்,
மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று.
நீர்நாயை ஒவ்வொரு பெயரிலும் கூப்பிட்டுப் பார்த்தார்கள்,
நீர்நாய் திரும்பவில்லை.
ஓர் ஆட்சியில் பரிணாமம் இடப்பக்கக் கதவில் தொடங்கியது,
அடுத்த ஆட்சியில் வலப்பக்கம்.
பார்வையாளர்கள் எப்போதும்போல
நேராகக் கன்றுக்குட்டியிடம் போனார்கள்.

போரின் கடைசிக் குளிர்காலத்தில்
ஜாடிகளில் இருந்த சாராயத்தைச் சிப்பாய்கள் குடித்தார்கள்.
எந்தப் படை என்று பேரேடு சொல்லவில்லை.
'திரவம் இல்லை' என்று
அறுபத்து நான்கு வரிகளில், ஒரே கையெழுத்து.
விலாங்குகள் கண்ணாடியடியில் சருகாய்ச் சுருண்டன.
பறவைகளை யாரும் தொடவில்லை.
ப்ரும்மர் தோலுக்குள் தடவிய பாஷாணம்
அந்துப்பூச்சியைத் தடுத்தது,
பசியையும் தடுத்தது.
இன்றும் நான் கையுறையோடுதான் தூக்குகிறேன்.

வேல்கா தரை துடைக்கிறவள்.
திமிங்கிலம் இன்னும் எண்ணெய் கசிகிறது,
அது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.
செத்து நூற்றைம்பது வருடம்;
ஜூலை வந்தால் எலும்பெலும்பாய் வியர்க்கிறது.
மஞ்சள் துளி, கொஞ்சம் கடல் வாடை.
அவள் எனாமல் தட்டுகளை வரிசையாக வைப்பாள்.

போன கோடையில் என் மேஜைக்கு வந்து சொன்னாள்:
"தலையிலிருந்து பதினேழாவது சொட்டுவதே இல்லை.
நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து."
"இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை?"
"நீங்கள் கேட்டதெல்லாம் தரையைப் பற்றி."

ஏணி போட்டு ஏறினேன்.
சுண்ணாம்பு, அதன்மேல் தேநீர்ச் சாயம்.
நகத்தால் சுரண்டினால்
வளையம் வளையமாய் பிர்ச் மரம்.
கம்பி நுழையும் துளைக்குள், சூட்டுக்கோலால்
இரண்டு எழுத்து, ஓர் ஆண்டு.
கூலிப் புத்தகத்தில் தேடினேன்.
டாலிவல்டிஸ் கார்க்லின்ஷ், கொதிகலன் ஆள்.
அந்தப் பிப்ரவரியில் அவனுக்குச் சம்பளம்
விறகாகத் தரப்பட்டது. ஒன்பது கட்டைகள்.

வீட்டில் எத்தனை பேர் என்று எழுதவில்லை.
அசல் எலும்பு எங்கே போனது, அதுவும் இல்லை.
யாரோ முக்காலியாய்ப் போட்டு
உட்கார்ந்திருக்கலாம்.
நாற்பது பாகைக் குளிரில்
ஒரு கட்டையை அடுப்பிலிருந்து ஒதுக்கிவைத்து
அவன் எத்தனை இரவு செதுக்கினான்,
எட்டுக் கட்டைதான் என்று
யாரிடம் என்ன சொன்னான்

புதிய கணினிப் பட்டியலில் ஒரு கட்டம்:
'அசலா? ஆம் / இல்லை.'
நான்கு நாளாய் அந்தப் பக்கம் திறந்தே கிடக்கிறது.
மேலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

இன்று காலை வேல்கா தட்டுகளை வைத்தாள்.
பதினேழாவதன் கீழும் ஒன்று.
"அதுதான் சொட்டாதே?" என்றேன்.
"பக்கத்து எலும்பு இந்தப் பக்கம் சாய்கிறது"
என்றாள், வாளியைத் தூக்கிக்கொண்டு.